கிளாடிப் பூவில் விழுந்த கோடு

இந்த இயந்திரம் தன் வயிற்றிலிருக்கும் காற்றை எல்லாம் உறிஞ்சி வெளியே தள்ள இருபது நிமிஷம் ஆகும், அதுவரை எனக்கு வேலை எதுவும் இல்லை, இருட்டில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான், பத்தொன்பது வருஷமாக அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறேன், இன்றைக்கு என்னவோ நாற்காலி குத்துகிறது. வெளியே கோயம்புத்தூரில் காலை பதினொரு மணி. இங்கே ஜன்னல் கிடையாது. கதவின் அடியில்கூடக் கறுப்பு ரப்பர் ஒட்டியிருக்கிறார்கள், துளி வெளிச்சம் நுழைந்தாலும் பச்சைத் திரையில் விழுவது மங்கிவிடும். பம்பு ஓடும் சத்தம், எண்ணெய் சூடாகிற வாசனை, ஆளுயரத்துக்கு மேல் நிற்கும் இரும்புத் தூண். அதன் உச்சியிலிருந்து எலெக்ட்ரான்கள் கீழே பாய வேண்டும், நடுவில் நான் செருகியிருக்கும் செப்பு வலைத்தட்டை ஊடுருவ வேண்டும், அடியில் படமாக விழ வேண்டும். காற்று ஒரு பொட்டு மிச்சமிருந்தாலும் வழிதவறிப் போகும். வாசல் பலகையில் எலெக்ட்ரான் நுண்ணோக்கி அறை என்று எழுதி, கீழே சின்னதாக டாக்டர் தமயந்தி, தாவர வைரஸ் பிரிவு என்று போட்டிருக்கிறார்கள். வலைத்தட்டு மூக்குத்திக் கல் அளவுதான் இருக்கும். அதன்மேல் ஒரு பூவின் சாறு, ஒரே சொட்டு, காய்ந்து படிந்திருக்கிறது. அந்தப் பூவின் சொந்தக்காரர் கதவுக்கு அந்தப் பக்கம், வராந்தா பெஞ்சில், செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார். செருப்பை ஏன் கழற்றினீர்கள் என்று கேட்டேன். உள்ளே ஏதோ பெரிய காரியம் நடக்குதுல்லம்மா என்றார்.

பெயர் சிவபாக்கியம். ஐம்பத்தைந்து வயதிருக்கும். கோத்தகிரிப் பக்கம், இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பம், தேயிலைத் தோட்டத்தில் முப்பது வருஷம் கொழுந்து பறித்துவிட்டு இப்போது நாற்பது சென்ட் நிலத்தில் பூ வைத்திருக்கிறார். அவர் இங்கே வரத் தேவையே இல்லை. தோட்டக்கலை அலுவலகத்திலிருந்து மாதிரியை டப்பாவில் போட்டு அனுப்புவார்கள், நான் பார்த்துத் தாளில் எழுதி அனுப்புவேன், அவ்வளவுதான் நடைமுறை. முதல் மாதிரி அப்படித்தான் வந்தது, இலை வழியிலேயே அழுகிவிட்டது, வைரஸ் இருந்தால் மஞ்சளாகும் சோதனைத் தட்டில் வெளிறிய மஞ்சள் காட்டியது, அதை இருக்கிறது என்றும் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம். மறுபடி அனுப்பச் சொல்லி எழுதினேன். டப்பாவை நம்பாமல் ஆளே வந்து நிற்கிறார். காலை ஒன்பது மணிக்கு வாசல் காவலர் போன் செய்தார், மேடம், ஒரு அம்மா பூங்கொத்தோட வந்திருக்காங்க, உங்களைத்தான் பார்க்கணுமாம். யாருக்கோ கல்யாணம் என்று நினைத்துப் போனேன். ஈரச் சாக்கைப் பிரித்து, அதற்குள் நியூஸ் பேப்பரைப் பிரித்து, குழந்தைக்குத் துணி விலக்குகிற மாதிரி விலக்கினார். நான் பூ பார்க்கிறவள் இல்லை. நோய் பார்க்கிறவள். இடுப்புயரத் தண்டில் வரிசையாகப் பன்னிரண்டு பூ, கிளாடியோலஸ், ஊட்டி கோத்தகிரியெல்லாம் கிளாடி என்பார்கள், அடர்சிவப்பு, அந்தச் சிவப்புக்கு நடுவே அடியிலிருந்து நுனிவரை வெள்ளை பிளந்துகொண்டு ஓடுகிறது. ஒரு பூவில் ஓடியது போல இன்னொன்றில் ஓடவில்லை. ஒன்றில் தீ எரிவது மாதிரி, ஒன்றில் மழைத் தண்ணீர் கண்ணாடியில் வழிவது மாதிரி, கடைசி மொட்டில் ஊசியால் கீறியது மாதிரி ஒரே ஒரு கோடு. இதை மனுஷன் வரைந்திருக்க முடியாது என்று தோன்றியது. உடனே அடுத்த எண்ணம், இப்படிப்பட்ட கோட்டை யார் போடுவார்கள் என்று எனக்குத் தெரியுமே என்பது. அந்த இரண்டு எண்ணமும் ஒன்றன்மேல் ஒன்று மோதி அப்படியே நின்றுவிட்டன, இன்னும் நிற்கின்றன.

பூவை வாங்கக் கையை நீட்டினேன். அப்போதுதான் அந்தம்மா என் கையைப் பிடித்தார். பூவைக் கொடுக்காமல், கையை. திருப்பிப் பார்த்தார். விரல் முட்டிகள், மணிக்கட்டு, உள்ளங்கை ஓரம். "உங்க கையும் பூத்திருக்கு, டாக்டரம்மா" என்றார். வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். அவர் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை, பூவை மேஜைமேல் வைத்தார். அந்த வார்த்தை இங்கே இருட்டுக்குள்ளும் கூடவே வந்துவிட்டது. பூத்திருக்கு. இருபத்திரண்டு வயதில் மணிக்கட்டில் மிளகளவு வெள்ளையாக ஆரம்பித்தது, வெண்புள்ளி, தொற்று இல்லை, வலி இல்லை, ஆபத்து இல்லை, டாக்டர் மூன்று இல்லை சொன்னார். அம்மா கார்போகரிசி என்ற மூலிகை விதையை அரைத்துப் பூசி வெயிலில் நிற்கவைத்தாள், தோல் கொப்பளித்தது, கொப்பளம் ஆறிய இடமும் வெள்ளையானது. விடுதி மெஸ்ஸில் என் தட்டு தனியாகக் கவிழ்ந்திருக்கும், யாரும் எதுவும் சொல்லவில்லை, தட்டு மட்டும் தனியாக இருக்கும். பஸ்ஸில் கம்பியைப் பிடித்தால் பக்கத்துக் கை கொஞ்சம் மேலே நகரும். எத்தனையோ வார்த்தை கேட்டாயிற்று, நல்லெண்ணத்தில் சொன்னவை, கெட்ட எண்ணத்தில் சொன்னவை, விசாரிப்பு என்ற பெயரில் சொன்னவை. இதை ஒருவரும் சொன்னதில்லை. இன்று காலை பல் தேய்க்கும்போது உதட்டோரத்தில் புதிதாக ஒன்று தெரிந்தது. பேஸ்ட் என்று நினைத்துத் துடைத்தேன். மறுபடியும் துடைத்தேன். கையிலிருப்பது முழுக்கைச் சட்டைக்குள் போய்விடும், முகத்துக்கு எதைப் போடுவது. நாற்பத்தாறு வயதில் இதற்கெல்லாம் பயப்படுவேனா என்று கேட்டுக்கொண்டே பயந்தேன், பயந்துகொண்டே பஸ் ஏறினேன், இறங்கி இரண்டு மணி நேரத்தில் ஒரு அம்மா கையைப் பிடித்துப் பூத்திருக்கு என்கிறாள்.

மீட்டர் முள் இன்னும் பாதிக்கு வரவில்லை. பூவிலிருந்து இதழைக் கத்தரித்து, வெள்ளைக் கோடு ஓடும் இடமாகப் பார்த்து உரலில் அரைத்தபோது அந்தம்மா பக்கத்தில் நின்று கதை சொன்னார். யாரும் கேட்கவில்லை, கைக்கு வேலை இல்லாதபோது வாய் பேசும் என்பது மாதிரி. அவர் வீட்டுக்காரர் வேலாயுதம், தேயிலை ஃபேக்டரியில் பாய்லர் பார்த்தவர், ஓய்வுபெற்றதும் பூ வைக்கலாம் என்று ஒற்றைக்காலில் நின்றவர். மூன்று வருஷத்துக்கு முன்னால் கிளாடிக் கிழங்கு வாங்கிவந்து, பாத்தி கட்டி, ஒரு ஜாண் இடைவெளி விட்டு நட்டார். நட்ட முப்பதாம் நாள் நெஞ்சுவலி. காரியமெல்லாம் முடிந்து, சொந்தக்காரர்கள் ஊர் திரும்பி, தனியாகத் தோட்டத்துக்குள் முதல்முறை கால் வைத்தபோது எல்லாம் சிவப்பாகப் பூத்திருந்தது, நடுப்பாத்தியில் ஒன்றே ஒன்று மட்டும் இப்படி. "அவரு நின்ன இடம்மா அது. தண்ணி பாய்ச்சிட்டு அங்கதான் நின்னு பீடி பத்த வைப்பாரு." அந்த ஒரு செடியின் கிழங்கை எடுத்துப் பத்திரப்படுத்தினார். அடுத்த பருவம் கிழங்கு பக்கத்தில் குட்டிக் கிழங்குகள் விட்டது. குட்டியெல்லாம் கோடு போட்டே பூத்தது. அதற்கடுத்த பருவம் பாதித் தோட்டம். மேட்டுப்பாளையத்திலிருந்து பூ வாங்க வருகிறவர்கள் வேறு எங்கேயும் கிடைக்காத பூ என்று இதைத்தான் முதலில் கேட்கிறார்கள். அதற்கு வேலாயுதம் என்றே பெயர் வைத்துவிட்டார். வியாபாரியே போனில் கேட்பாராம், பாக்கியம்மா, இன்னைக்கு எத்தனை கட்டு வேலாயுதம் இருக்கு.

பக்கத்து நிலம் போஜனுடையது. படுகர், வேலாயுதத்துக்குச் சிநேகிதர், பாடைக்குத் தோள் கொடுத்தவர். அவருடைய பீன்ஸ் போன வருஷம் கொஞ்சம் மஞ்சளடித்தது. இந்த வருஷம் முழுக் காடும். இலை சுருங்கி, காய் முறுக்கிக்கொண்டு, கொடி கம்பில் ஏறாமல் நின்றுவிட்டது. யாரோ அவரிடம் பூவிலிருந்துதான் வருகிறது என்று சொல்லியிருக்கிறார்கள். அவர் வேலி ஓரம் வந்து கேட்டிருக்கிறார். இந்தம்மா, என் வீட்டுக்காரரு பூவா உங்க பீன்ஸைத் தின்னுச்சு என்று கேட்டுவிட்டார். அஞ்சு மாசமாகப் பேச்சு இல்லை. "நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாதும்மா. ஆனா அவரு கேட்டதும் சரியில்லையே" என்றார். நான் உரலைப் பார்த்துக்கொண்டே அரைத்தேன். போஜனுடைய பீன்ஸ் இலையும் போன வாரமே எனக்கு வந்திருந்தது, சோதனைத் தட்டில் குழி முழுக்க அழுத்தமான மஞ்சள், சந்தேகமே இல்லை, பீன்ஸ் மஞ்சள் தேமல் வைரஸ். அதை இவரிடம் சொல்லவில்லை. பூவில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் எதைச் சொல்வது. இப்போது தூணுக்குள் இருக்கும் வலைத்தட்டிலும் அடுத்து வைக்கப்போகும் வலைத்தட்டிலும், சாற்றை வைப்பதற்கு முன்னாலேயே, அந்த ஒரு வைரஸை மட்டும் பிடித்துவைக்கிற எதிர்ப்பொருளைப் பூசியிருக்கிறேன். பூவில் அது இருந்தால் கூட்டமாக ஒட்டிக்கொண்டு கிடக்கும். இல்லையென்றால் வெறும் தரை. இல்லாமலிருக்கட்டும் என்று நினைக்கிறேன். இப்படி நினைப்பது தப்பு. சோதனை செய்கிறவள் எதையும் ஆசைப்படக் கூடாது, ஆசைப்பட்டால் கண் ஆசைப்பட்டதையே காட்டும், மாணவர்களுக்கு இதைத்தான் சொல்லித் தருகிறேன். இல்லாமலிருக்கட்டும்.

விளக்கு பச்சைக்கு மாறிவிட்டது. மின்னழுத்தத்தை ஏற்றுகிறேன், நாற்பது, அறுபது, எண்பதாயிரம், தூண் தாழ்ந்த குரலில் முனகுகிறது, திரையில் பச்சை விடிகிறது. எத்தனை ஆயிரம் தடவை பார்த்தாலும் இந்த விடியலுக்கு நிமிர்ந்து உட்காருவேன். முதலில் கோடில்லாத பூவின் சாறு, ஒப்பிட்டுப் பார்க்க, அந்தம்மா கூடவே கொண்டுவந்த அதே தோட்டத்துச் சிவப்புப் பூ. தொலைநோக்கி மாதிரி இருக்கும் கண்குழாயில் குனிந்து திருகுகளைத் திருப்பித் திருப்பி ஒவ்வொரு சதுரமாக நகர்கிறேன். செப்புக் கம்பி கரிய சுவர் மாதிரி வந்து போகிறது, உள்ளே சாம்பல் நிறச் சமவெளி, செல்லின் உடைந்த துண்டுகள், உப்புத் துகள், வேறொன்றும் இல்லை. பத்துச் சதுரம். ஒன்றுமில்லை. சுத்தமான செடி. அந்தத் தோட்டத்தில் சுத்தமான செடியும் இருக்கிறது, அது ஒரு ஆறுதல், எழுதிவைக்கிறேன். தட்டை மாற்றுகிறேன். மறுபடி காற்று, மறுபடி முள், இந்த முறை நான்கே நிமிஷம். கோடு விழுந்த பூ. முதல் சதுரத்தில் சாற்றின்மேல் விட்ட சாயம் திட்டாகப் படிந்து எதுவும் தெரியவில்லை. இரண்டாவது கிழிந்திருக்கிறது. மூன்றாவதில் வெறும் சமவெளி. இல்லையோ? வெறும் நிறமாற்றமோ? செடியின் சொந்தக் குணமோ? அப்படியும் உண்டு, தானாகவே ஒரு செல்லில் ஏதோ மாறி, அதன் வழியில் வந்த கிளையெல்லாம் மாறிப் பூக்கும், யாரையும் கெடுக்காத அழகு, அப்படி இருந்தால் வராந்தாவுக்கு ஓடிப்போய், அம்மா, உங்க பூவுக்கு ஒன்றுமில்லை, புது ரகம்னு பேரைப் பதிவு பண்ணுங்க என்று சொல்வேன். நான்காவது சதுரம். ஓரத்தில் என்னவோ நீளமாக. தூசியாக இருக்கலாம். பெரிதாக்குகிறேன், ஐயாயிரம், பத்தாயிரம், இருபதாயிரம் மடங்கு. கூர்மையைத் திருப்புகிறேன். அது தூசி இல்லை.

அங்கே கிடக்கிறார்கள். எனக்கு எப்போதும் பன்மையில்தான் தோன்றும், மரியாதையில் அல்ல, ஆனால் மரியாதையும்தான். கறுப்புச் சாயத்துக்கு நடுவே வெளிச்சமாக, மெல்லிய, சற்றே வளைந்த இழைகள், ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, சில இணையாக, சில குறுக்காக, திரை முழுக்க, நகர்த்த நகர்த்த அடுத்த சதுரம் முழுக்க, அதற்கடுத்ததும். அளக்கிறேன், மறுபடி அளக்கிறேன். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்கு போட்டு அதில் முக்கால் பங்கு. அதேதான். அகலம் நீளத்தில் அறுபதில் ஒரு பாகம். எல்லாமே ஒரே நீளம், எந்தக் கைக்கும் எந்த அளவுகோலுக்கும் வராத இடத்தில் ஒன்றுகூட மற்றதைவிடக் கூடக் குறைய இல்லை, குறைய இருந்தால் அது ஒடிந்தது. கண் இல்லை, வாய் இல்லை, பசி இல்லை, மூச்சு விடாது, வளராது, தானாக நகரவும் நகராது. உள்ளே ஒரே ஒரு இழை, அதில் நாலே நாலு எழுத்து மாறி மாறி, மொத்தம் ஒன்பதாயிரத்து ஐந்நூறு சொச்சம். தினசரியில் ஒரு பக்கத்துக்கு மேல் வராது. அந்த ஒரு பக்கத்தில் என்னைப் பிரதி எடு என்று எழுதியிருக்கிறது, செடி படித்துவிட்டுச் சொன்னபடி செய்கிறது, அவ்வளவுதான். எங்கோ ஒரு அசுவினி, ஊசி முனை மாதிரி இருக்கும் பூச்சி, வேலாயுதம் நட்ட பாத்தியில் வந்து இறங்கியிருக்கும், ருசி பார்க்க ஒரு குத்துக் குத்தியிருக்கும், இரண்டு வினாடி, பிடிக்காமல் பறந்திருக்கும். அந்தக் குத்தில் உள்ளே போனவர்கள் இலைக்குள் பெருகி, தண்டில் இறங்கி, கிழங்கில் குளிர்காலம் முழுக்கக் காத்திருந்து, மொட்டுக்குள் ஏறி, சிவப்புக் காய்ச்சுகிற அடுப்புகளை ஒவ்வொன்றாக அணைத்திருக்கிறார்கள். அணைந்த இடமெல்லாம் வெள்ளை. அணையாத இடமெல்லாம் சிவப்பு. ஒரு கோட்டுக்கும் இன்னொரு கோட்டுக்கும் சம்பந்தமில்லாமல், வரைய வேண்டும் என்ற எண்ணமே இல்லாமல், இவ்வளவு அழகாக. காலையில் இதை மனுஷன் வரைந்திருக்க முடியாது என்று நினைத்தேனே, சரிதான், ஆனால் உயிரே இல்லாத ஒன்று வரைந்திருக்கிறது, அல்லது உயிர் என்றால் என்ன என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. முதுகெலும்பில் குளிர் ஏறுகிறது. ஏசியால் இல்லை. கோயிலில் திரை விலகும்போது ஏறுமே, அது. விலகியதும் கூட்டம் முன்னால் தள்ளும், கண்ணில் தண்ணீர் வரும், ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

ஏழு படம் எடுத்தேன். பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பச்சை வெளிச்சத்தில் கையின் வெள்ளையெல்லாம் பச்சையாகத் தெரிகிறது. என் கையில் அடுப்பை அணைத்தது யார்? என் ரத்தமேதான், காவலுக்கு இருக்கிற அணுக்களே வீட்டுக்காரனைத் திருடன் என்று நினைத்து அடிக்கின்றன, வெளியிலிருந்து யாரும் வரவில்லை, என்னிடமிருந்து யாருக்கும் போகாது. அந்தப் பூவும் இந்தக் கையும் ஒன்றில்லை. ஒப்பிடாதே, தமயந்தி, ஒப்பிட்டால் அந்தம்மாவிடம் பொய் சொல்லிவிடுவாய். ஏனென்றால் பொய் தயாராகத்தான் இருக்கிறது, புதிதாக யோசிக்கக்கூட வேண்டாம், மாதிரி தெளிவில்லை, மீண்டும் அனுப்பவும் என்று ஒரு வரி. முதல் மாதிரியின் சோதனைத் தட்டு வெளிறித்தான் இருந்தது, யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். இன்னொரு பருவம் போகும். அந்தம்மாவுக்கு இன்னொரு பருவம் வேலாயுதம் பூக்கும், போஜனுக்கு இன்னொரு பருவம் பீன்ஸ் கருகும், அதற்கடுத்த நிலம், அதற்கடுத்தது, காற்றடிக்கும் பக்கமெல்லாம் அசுவினி போகும். உண்மையைச் சொன்னால் என்ன ஆகும்? கிழங்கோடு தோண்டி எரிக்கச் சொல்ல வேண்டும். புருஷன் செத்து மூன்று வருஷம் கழித்து மறுபடி எரிக்கச் சொல்ல வேண்டும். இந்த நாக்கால்தான் சொல்ல வேண்டும். தாளில் எழுதி அனுப்பும்போது எவ்வளவு சுலபமாக இருந்தது, பாதிக்கப்பட்ட செடிகளை அகற்றி அழிக்கவும், கையெழுத்து, முத்திரை. எத்தனை தோட்டத்துக்கு எழுதியிருப்பேன்? அங்கெல்லாம் யார் அகற்றினார்கள், யார் அழித்தார்கள், அழிக்கும்போது என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள், எனக்குத் தெரியாது. கண்குழாயில் மறுபடி குனிகிறேன். கிடக்கிறார்கள். அவர்களுக்கு யார்மேலும் கோபமில்லை.

எழுந்துபோய்க் கதவைத் திறந்தேன். வராந்தா வெயில் கண்ணை அறைந்தது. அந்தம்மா எழுந்து நின்றார். நான் எதுவும் சொல்வதற்கு முன்னாலேயே முகத்தைப் பார்த்துவிட்டார் என்று தெரிந்தது.

"இருக்குங்களா?"

"இருக்கும்மா. உள்ள வாங்க, காட்டறேன்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியாது. வெளியாட்களை உள்ளே விடக் கூடாது. வெறுங்காலோடு இருட்டுக்குள் வந்தார், தடுமாறினார், நான் கையைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தேன். கண்குழாயின் உயரத்தை இறக்கினேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை என்றார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள் என்றேன். பிறகு கண்குழாயோடு நெற்றியை ஒட்டிக்கொண்டார். பம்பு ஓடிக்கொண்டிருந்தது. அவர் மூச்சு மட்டும் கேட்டது.

"குச்சி குச்சியா கெடக்குதே, வெளிச்சமா. அதுங்களா?"

"அதுதான்."

"எவ்வளவு இருக்கும் ஒண்ணு?"

"உங்க தலைமுடியை எடுத்து, அதோட தடிமனை நூறு பங்கு போட்டா, ஒரு பங்கு இதோட நீளம்."

"ஆத்தாடி." கண்ணை எடுக்கவில்லை. "இதுதான் கோடு போட்டுச்சா?"

"ஆமாம்மா."

"இதேதான் அவங்க பீன்ஸ்லயும் இருக்கா?"

"இதேதான். போன வாரமே பார்த்துட்டேன். பூவுல இருந்து பீன்ஸுக்குப் போச்சா, பீன்ஸ்ல இருந்து பூவுக்கு வந்துச்சான்னு என்னால சொல்ல முடியாது. ஆனா கிழங்குக்குள்ள வருஷம் பூரா தங்கறது உங்க தோட்டத்துல. அங்கிருந்து பூச்சி எடுத்துட்டுப் போகுது."

நான் காத்திருந்தேன், அழுகையை எதிர்பார்த்து, திட்டை எதிர்பார்த்து. அவர் கண்குழாயிலிருந்து முகத்தை எடுத்து, இருட்டில் என் பக்கம் திரும்பி, "இதுக்கு உசிரு இருக்குங்களா?" என்று கேட்டார்.

முதலாம் ஆண்டு மாணவர்கள் கேட்கும் கேள்வி. அதற்கு என்னிடம் இரண்டு பக்கப் பதில் உண்டு. "எனக்குத் தெரியலம்மா" என்றேன். "செடிக்குள்ள இருந்தா உசிரு இருக்கிற மாதிரி நடந்துக்கும். வெளிய எடுத்து வெச்சா உப்புக்கல்லு மாதிரி சும்மா கெடக்கும். பெரிய பெரிய ஆளுங்களுக்கே தெரியல."

"அப்ப எங்க வீட்டுக்காரருக்கும் தெரிஞ்சிருக்காது" என்றார். "தெரிஞ்சிருந்தா மொத நாளே புடுங்கிப் போட்டிருப்பாரு. அடுத்தவன் வெள்ளாமை கெடறத பாத்துட்டு இருக்கிற ஆளில்ல." மறுபடி குனிந்து பார்த்தார். இரண்டு கையும் தாமாகவே குவிந்து நெஞ்சுக்கு வந்தன. அதைக் கும்பிட்டாரா, அவரைக் கும்பிட்டாரா, என்னிடம் கேட்டால் தெரியாது என்றுதான் சொல்வேன். நானும் கும்பிட்டேன், இருட்டுதானே, யார் பார்க்கப் போகிறார்கள். பத்தொன்பது வருஷமாகக் கும்பிட வேண்டும் என்று இருந்திருக்கிறது, கை வரவில்லை.

வெளியே வந்ததும் செருப்பைப் போட்டுக்கொண்டார். "எல்லாத்தையுமா?" என்று கேட்டார். கோடு விழுந்ததெல்லாம் கிழங்கோடு தோண்டி எரிக்க வேண்டும், சிவப்பில் ஒவ்வொரு செடிக்கும் இலை அனுப்பினால் சோதித்துச் சொல்கிறேன், நல்லது நிற்கட்டும், இன்றைக்குப் பார்த்த சிவப்பு சுத்தமாகத்தான் இருக்கிறது என்றேன். தலையாட்டிக்கொண்டே இருந்தார். நீங்க தாள் எப்ப அனுப்புவீங்க என்றார். நாளைக்கு என்றேன். "தாள் வந்து போஜண்ணனுக்குத் தெரியக் கூடாதும்மா. நானே சொல்லிடறேன்." இடுப்பிலிருந்து போனை எடுத்தார். ஒரு காது மந்தம் என்று சொல்லி, ஸ்பீக்கரைப் போட்டுத் தரச் சொன்னார். போட்டுத் தந்தேன். மணி அடித்தது. நகரலாமா, நிற்கலாமா என்று தெரியாமல் நின்றேன்.

"யாரு" என்றது ஒரு ஆண் குரல்.

"போஜண்ணே, நாந்தான்." பெஞ்சில் உட்கார்ந்தார். "கோயம்புத்தூர்ல டாக்டரம்மாகிட்ட இருக்கேன். பாத்துட்டாங்க. நானும் கண்ணால பாத்துட்டேன். என் பூவுல இருக்குண்ணே. உங்க பீன்ஸ்ல இருக்கிறதேதான். நான் உங்களப் பேசுன பேச்சு தப்பு." போனை வாய்க்கு இன்னும் பக்கத்தில் கொண்டுபோனார். "அத்தனையும் தோண்டி எரிச்சிடறேன். உங்ககிட்ட மொதல்ல சொல்லணும்னு போட்டேன்."

எங்கோ ஒரு நாய் குரைப்பது போனில் கேட்டது, பிறகு யாரோ மண்ணில் நடக்கிற சத்தம், அவர் நிலத்தில்தான் நின்றிருப்பார் போல. வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வராந்தாவில் வெயில் என் கைமேல் விழுந்துகொண்டிருந்தது, எனக்கு இழுத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

"கெழங்கு எவ்வளவு ஆழத்துல இருக்கு?" என்று கேட்டார் போஜன்.

அந்தம்மா வெறும் கையால் ஒரு சாண் காட்டினார், போனில் தெரியுமென்று நினைத்து. நான்தான் சொன்னேன், அரை அடி, குட்டிக் கிழங்கு அதற்கும் கீழே போயிருக்கும்.

"யாரு, டாக்டரம்மாவா? அப்ப மம்முட்டி ஆகாது, வெட்டுப்பட்டுப் பாதி உள்ளயே நின்னுரும். பல்லு வெச்ச முள்ளுக்கொத்துதான் வேணும். எங்கிட்ட மூணு இருக்கு." பிறகு கேட்டார். "ஒண்ணு ரெண்டு விட்டுப்போனா மறுபடி வருமாம்மா?"

"வரும்."

"எது விட்டுப்போச்சுன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?"

தெரியாது. பூக்கும்வரை தெரியாது, பூப்பதற்குள் பூச்சி வந்துவிடும். இலையிலேயே கண்டுபிடிக்கலாம், வெயிலுக்கு எதிரே பிடித்தால் நரம்புக்கு நடுவில் வெளிர்க்கீற்று ஓடும், பழகிய கண்ணுக்கு மட்டும் தெரியும். அறிக்கை எழுதிய எந்தத் தோட்டத்திலும் நான் காலெடுத்து வைத்ததில்லை.

"நான் வந்து நின்னு பார்த்துச் சொல்றேன்" என்றேன். "நாளைக்கே ஆரம்பிச்சிடலாம்."

மறுபடி அந்த நடக்கிற சத்தம்.

"பாக்கியம்" என்றார் போஜன். அந்தம்மா போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "டாக்டரம்மாவ ஸ்வெட்டர் எடுத்துட்டு வரச் சொல்லு. காலையில இங்க தாங்க மாட்டாங்க."